கங்காணி இல்லாத இடத்தில் யார் கேட்பது?

தோட்டத்தில் ஒவ்வொரு வேலைக்கும் கணக்கு உண்டு. காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க வேண்டும். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் விழும். வேலையில் பிழை கண்டால் கங்காணி கேட்பார். கங்காணியைக் கணக்குப்பிள்ளை கேட்பார். கணக்குப்பிள்ளையைத் துரை கேட்பார். பொறுப்பு என்பதை எமது மக்கள் தலைமுறை தலைமுறையாக இப்படியே அறிந்து வந்துள்ளனர். கேள்வி எப்பொழுதும் மேலிருந்து வரும். பதில் கீழிருந்து போகும்.

இடம்பெயர்ந்து புதிய குடியிருப்புக்கு வந்ததும் இந்த ஒழுங்கு இல்லாமற் போகிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பிய குடும்பங்களுக்கென 2016 இல் மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தில் மேலும் பல குடும்பங்களின் வீட்டையும் நிலத்தையும் பறித்தது. புதிய இடத்தில் வீடு கிடைப்பது பாதி வேலைதான். ஊற்றிலிருந்து வரும் தண்ணீர்க்குழாய், வடிகான், பாதை, மரண உதவிச் சங்கத்தின் பணம் ஆகியவை எல்லோருக்கும் பொதுவானவை. இவற்றைக் கவனிக்க ஒரு குழுவைத் தெரிவு செய்கிறோம். ஆனால் அக்குழுவின் தலைவர் எவருக்கும் பேர் வெட்ட முடியாது. எவரையும் வேலையால் நிறுத்தவும் முடியாது.

மௌனமும் முணுமுணுப்பும்

இதன் விளைவை நாம் பல இடங்களில் காண்கிறோம். நீர்த்தாங்கியைச் சுத்தம் செய்ய இருபது வீட்டாரும் வருவதாகக் கூட்டத்தில் கை உயர்த்துகிறார்கள். முதல் ஞாயிறு பதினைந்து பேர் வருகிறார்கள். அடுத்த ஞாயிறு எட்டுப் பேர். வராதவரின் முகத்தைப் பார்த்து எவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. குழாயடியில் மட்டும் அவரைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. வந்தவர்களும் மனம் கசந்து, “நாம் மட்டும் என்ன மடையர்களா?” என்று நின்றுவிடுகிறார்கள். முடிவில் குழாயின் கடைசி வீட்டில் இருக்கும் விதவைத் தாய்க்குத்தான் தண்ணீர் இல்லாமற் போகிறது. பின்னர் கிராம உத்தியோகத்தரிடம் முறைப்பாடு போகிறது. அதாவது, வேறொரு கங்காணியைத் தேடுகிறோம்.

அதிகாரம் இல்லாமல் ஒருவரையொருவர் பொறுப்புக் கேட்க முடியுமா? முடியும் என்பதற்கு எமக்கு அருகிலேயே சான்று இருக்கிறது.

கல்லோயாவில் நடந்தது

கல்லோயா ஆறு பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் தொடங்கி அம்பாறைப் பக்கமாக ஓடுகிறது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் பல இடங்களிலிருந்தும் விவசாயிகள் குடியேற்றப்பட்டனர். 1956 இல் இனக்கலவரம் நடந்த பள்ளத்தாக்கும் அதுவே. இடதுகரைப் பகுதியில் தலைவாய்க்காற் பக்கம் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். கடைமடையில் தமிழ் விவசாயிகள். மேலே உள்ளவர்கள் வேண்டியபடி நீரெடுக்க, கடைமடை வயல்கள் காய்ந்தன. ஆண்டுக்கணக்காகத் துப்புரவு செய்யப்படாத வாய்க்கால்களும் இருந்தன.

1981 இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து, இளம் அமைப்பாளர்களை அங்கு அனுப்பின. அவர்களுக்கு எவரையும் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. யாப்பு எழுதிச் சங்கம் அமைப்பதிலிருந்து அவர்கள் தொடங்கவில்லை. ஒரே வாய்க்காலில் நீர் எடுக்கும் சிறு தொகை விவசாயிகளைக் கூட்டி, முதலில் ஒரு வேலையைச் செய்வித்தார்கள். பின்னரே எல்லோரும் உடன்பட்ட ஒருவர் பிரதிநிதியானார். அவருக்கும் சம்பளம் இல்லை.

அந்த ஆண்டு குளத்தில் கால்வாசி நீரே இருந்தது. இருந்தும் ஆறு வாரங்களுக்குள் பெரும்பாலான வாய்க்கால்களில் விவசாயிகள் சிரமதானம் செய்தனர். முறை வைத்து நீர் பாய்ச்சினர். மிச்சம் பிடித்த நீரைக் கீழே உள்ளவர்களுக்கு விட்டனர். இத்திட்டத்தில் பணியாற்றிய கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் இதைப் பதிவு செய்துள்ளார். 1997 இன் சிறுபோகத்தில், 15,000 ஏக்கருக்கு மட்டுமே நீர் போதும் என அதிகாரிகள் கூறினர். விவசாயிகள் தமது அமைப்புகள் மூலம் நீரைப் பங்கிட்டு, இடதுகரையின் 65,000 ஏக்கரிலும் பயிர் செய்து வழமையை விட நல்ல விளைச்சல் எடுத்தனர். கடைமடைத் தமிழ் விவசாயிகளுக்கும் உரிய பங்கு கிடைத்தது.

நாம் என்ன கற்கலாம்?

முதலாவது, குழு சிறிதாக இருக்கட்டும். எழுபத்தைந்து வீட்டில் ஒருவர் வராதது தெரியாது. பத்து வீட்டில் உடனே தெரியும்.

இரண்டாவது, உடன்பாடு எல்லோர் கண்ணிலும் படட்டும். யார், எந்த நாளில், என்ன செய்வது என்பதை எழுதி நீர்த்தாங்கியின் சுவரில் ஒட்டுங்கள். அப்பொழுது கேட்பவர் தன் அதிகாரத்தால் கேட்பதில்லை; எல்லோரும் சொன்ன சொல்லை நினைவூட்டுகிறார். சங்கப் பணத்திற்கும் இதுவே வழி. மாதந்தோறும் கணக்கைக் கூட்டத்தில் உரத்து வாசித்தால், பொருளாளரைச் சந்தேகிக்கவும் தேவையில்லை.

மூன்றாவது, சுருக்காகவும் தனியாகவும் கேளுங்கள். “நேற்று உங்களைக் காணவில்லையே, என்ன நடந்தது?” என்பதே முதல் கேள்வி. அவருடைய வீட்டில் நோயாளி இருக்கலாம். கொழும்பில் வேலை செய்யும் மகளின் குழந்தையைப் பார்க்க வேறு ஆள் இல்லாதிருக்கலாம். அப்படியானால் வேலையை மாற்றிக் கொடுக்கலாம். காரணமின்றித் தொடர்ந்தால் இருவராகச் சென்று பேசுங்கள். அதன் பின்னரே கூட்டத்திற்குக் கொண்டுவாருங்கள். மத்தேயு நற்செய்தியின் 18 ஆம் அதிகாரம் காட்டும் ஒழுங்கும் இதுவே.

நான்காவது, தவறினால் என்ன செய்வது என்பதை எவரும் தவறுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். அது சிறிதாகத் தொடங்கட்டும்: வராத நாளுக்குப் பதிலாக இன்னொரு நாள். பொதுச் சொத்துகளைக் காக்கும் மக்களைப் பல நாடுகளில் ஆராய்ந்த எலினோர் ஒஸ்ட்ரோம் அம்மையார், நீடித்து நிற்கும் குழுக்களில் தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகவே கூடுவதைக் கண்டார். 2009 இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

உறவுக்காரரை எப்படிக் கேட்பது?

“அவர் எனக்கு மாமா முறை, நான் எப்படிக் கேட்பேன்?” என்று இளைஞர்கள் சொல்வதுண்டு. நியாயமான தயக்கமே. ஆனால் மாமாவின் வேலையை மருமகன் சத்தமின்றிச் செய்து முடித்தால், மற்றவர்கள் அதை உறவு என்று சொல்லமாட்டார்கள், பாரபட்சம் என்பார்கள். மரியாதையோடு கேட்கலாம்; வயதில் மூத்த ஒருவரைக் கொண்டும் கேட்கலாம். கேட்காமல் விடுவதுதான் உறவைக் கெடுக்கும்.

கேட்பவரும் கேட்கப்பட வேண்டியவரே. குழுத் தலைவர் தம் முறைக்கு வராவிட்டால் கடைசி வீட்டுத் தாயும் அவரிடம் காரணம் கேட்கக் கூடியதாக இருக்க வேண்டும். அன்றுதான் கேள்வி மேலிருந்து மட்டும் வரும் காலம் எமது குடியிருப்புகளில் முடிவடையும்.

கூடிச் சிந்திக்க

1. எமது குடியிருப்பில் எல்லோரும் உடன்பட்ட வேலைகள் எவை? அவை எங்கே எழுதப்பட்டுள்ளன?

2. கடந்த மாதம் எவரைப் பற்றியாவது அவர் இல்லாத இடத்தில் குறை பேசினோமா? அவரிடம் நேரில் கேட்டோமா?

3. எமது குழாயின் கடைசி வீடு யாருடையது? இன்று அங்கே தண்ணீர் வந்ததா?