1,033 பேர் நின்ற மொடக்குறிச்சி!

சட்டசபைத் தேர்தலில் உங்கள் தொகுதியில் எத்தனை பேர் நின்றார்கள்? பத்து? இருபது? சுயேச்சைகளையும் சேர்த்தால் முப்பது? போதாது சார்! 1996-ல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் நின்றவர்கள் 1,033 பேர்!

அப்படி என்ன ஊர் அது?

ஈரோட்டிலிருந்து தெற்கே பஸ் ஏறினால், கொஞ்ச நேரத்திலேயே டவுன் வாசனை போய் மஞ்சள் வாசனை வந்துவிடும். அவல்பூந்துறை, அரச்சலூர், சிவகிரி, காவிரிக் கரையில் கொடுமுடி... எல்லாம் இந்தத் தொகுதிதான். கே.பி.சுந்தராம்பாள் பிறந்த கொடுமுடி! அரச்சலூரை ஒட்டிய ஓடாநிலையில்தான் தீரன் சின்னமலை கோட்டை கட்டி வெள்ளைக்காரனோடு மோதினார். எதிர்த்து நிற்பது இந்த மண்ணுக்குப் புதுசில்லை.

பதிமூன்றாம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால் ஒரு பக்கம், கீழ்பவானி வாய்க்கால் இன்னொரு பக்கம். மஞ்சள், கரும்பு, நெல், தென்னை. கொங்கு வேளாளக் கவுண்டர்கள் கணிசம். தோட்டம் துரவில் உழைக்கும் அருந்ததிய மக்களும் நிறைய. யார் ஓட்டுக் கேட்டு வந்தாலும், தண்ணீரையும் விளைச்சல் விலையையும் பற்றிப் பேசாமல் போக முடியாது.

பேசினார்கள், ஆனால், செய்யவில்லை! விவசாயிகளுக்கு ஏற்பட்ட கடுப்பு அதுதான். 'எங்க கோரிக்கை உங்க காதுல விழலீங்களா? சரி, நாங்களே நிக்கிறோம்!' என்று கூட்டம் கூட்டமாக மனுப் போட்டார்கள். அப்போது டெபாசிட் வெறும் 250 ரூபாய். முன்மொழிய ஒருத்தர் இருந்தால் போதும்.

திண்டாடிப் போனது தேர்தல் கமிஷன்! ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும் சின்னம் தர வேண்டும். ஓட்டுச் சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியதாயிற்று. தேர்தலும் தள்ளிப் போனது. 'நம்ம சின்னம் எந்தப் பக்கத்துலீங்ணா?' என்று புரட்டித் தேடித்தான் முத்திரை குத்த முடியும்!

கடைசியில் ஜெயித்தவர் தி.மு.க-வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். இதே தொகுதியில் 1977-ல் அ.தி.மு.க. சார்பில் ஜெயித்தவரும் அவரேதான்! நின்றவர்களில் 88 பேருக்குக் கிடைத்த ஓட்டு... பூஜ்யம். சிரிக்காதீர்கள். ஒரு ஓட்டுகூட வாங்காதவன் எம்.எல்.ஏ. ஆகவா மனுப் போட்டான்? தன் குறை கோட்டைக்குக் கேட்கட்டும் என்றுதான் 250 ரூபாயைக் கட்டினான்.

கேட்டதா? டெல்லிக்கே கேட்டது. ஆனால், வந்த பதில்தான் வேறு மாதிரி! அந்த வருஷமே சட்டத்தைத் திருத்தி, சட்டசபைக்கு டெபாசிட்டை 5,000 ரூபாயாக்கினார்கள். சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றார்கள். இப்போது டெபாசிட் 10,000 ரூபாய். மொடக்குறிச்சி மட்டும் காரணமில்லை. அதே 1996-ல் ஆந்திராவின் நல்கொண்டா லோக்சபா தொகுதியில் 480 பேர் நின்றிருந்தார்கள். அங்கே தகராறு, தண்ணீருக்காக.

கூட்டத்தைக் குறைக்க வழி கண்டுபிடித்தாயிற்று. கோபத்தைக் குறைக்க? 2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 பேர் நின்றார்கள். முக்கால்வாசிக்கும் மேல் விவசாயிகள். கேட்டது மஞ்சள் வாரியம். 2025-ல் அதே நிஜாமாபாத்தில் தேசிய மஞ்சள் வாரியம் திறக்கப்பட்டது. மனுப் போடுவது வீண் வேலை என்று யார் சொன்னது?

திரும்ப மொடக்குறிச்சிக்கு வருவோம். 2021 தேர்தலில் சுப்புலட்சுமி ஜெகதீசன் மறுபடி நின்றார். பி.ஜே.பி-யின் சரஸ்வதியிடம் தோற்றார். வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? வெறும் 281 ஓட்டு! இரண்டு பெரிய கல்யாணப் பந்தியில் உட்காருகிற கூட்டம்தான்.

ஆயிரம் பேர் நின்ற தொகுதியின் நாற்காலியை, வெறும் 281 ஓட்டு முடிவு செய்தது. ஆகவே, அடுத்த தேர்தலன்று 'என் ஒரு ஓட்டால என்ன ஆகப் போகுது' என்று லீவைப் போட்டுப் படுத்துத் தூங்க நினைக்கும் ஆபீஸ் நண்பரே... ஒரு தடவை மொடக்குறிச்சியை நினைத்துக் கொள்ளுங்கள்!