பகிர்வு அலுவலக ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டியவை

கட்டடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, மேசை நாற்காலி வாங்கிப் போட்டு, இணைய இணைப்புக்கும் ஜெனரேட்டருக்கும் அலையும் சுமை ஏதுமின்றி, மாதக் கட்டணத்தில் ஓர் இருக்கையையோ சிறு அறையையோ பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடே கோவொர்க்கிங் எனப்படும் பகிர்வு அலுவலக முறையாகும். 2005-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் என்னும் மென்பொருள் வல்லுநர் சிறிய அளவில் தொடங்கிய இம்முறை, இன்று சென்னையில் கிண்டி, தியாகராய நகர், பழைய மகாபலிபுரம் சாலை எனப் பல பகுதிகளிலும், கோயம்புத்தூர் போன்ற நகரங்களிலும் வேரூன்றிவிட்டது. இங்குச் சேரும் சிறு நிறுவனத்தாரும் தனித்தொழில் செய்வோரும் கையெழுத்திடும் ஆவணம் பெரும்பாலும் உறுப்பினர் ஒப்பந்தம் அல்லது சேவை ஒப்பந்தம் என்ற தலைப்பில் இருக்கும். அதை வாடகை ஒப்பந்தத்தின் இன்னொரு வடிவமாக எண்ணிக் கையெழுத்திடுவதுதான் பின்னால் வரும் தொல்லைகள் பலவற்றுக்கு மூலகாரணம்.

இந்தியச் சட்டத்தில் குத்தகை வேறு, உரிமம் வேறு. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு கூறும் குத்தகையில், இடத்தை அனுபவிக்கும் உரிமையே வாடகைதாரருக்குக் கைமாறுகிறது. அதே ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறும் உரிமத்திலோ, இடத்தின்மீது எந்த உரிமையும் கைமாறாமல், அங்கு ஒன்றைச் செய்வதற்கான அனுமதி மட்டுமே கிடைக்கிறது. ஒரு நாளைக்குத் திருமண மண்டபம் எடுப்பவர் அந்த மண்டபத்தின் வாடகைதாரர் ஆகிவிடுவதில்லை. பகிர்வு அலுவலக உறுப்பினரின் நிலையும் ஏறத்தாழ அதுவே. எனவே தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர் – வாடகைதாரர் சட்டம் வாடகைதாரருக்கு அளிக்கும் பாதுகாப்புகளை அவர் எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆவணத்தின் பெயர் மட்டுமே இதைத் தீர்மானித்துவிடாது என்பதும் உண்மை. டெல்லி இம்பீரியல் ஹோட்டலின் இரண்டு அறைகளில் முடிதிருத்தும் தொழில் நடத்தியவர் தொடர்பான வழக்கில், 1959-இல் உச்ச நீதிமன்றம், ஆவணம் உரிமம் என்று சொன்னாலும் உள்ளடக்கத்தில் அது குத்தகையே என்று பெரும்பான்மைத் தீர்ப்பாகக் கூறியதோடு, இடத்தைப் பிறர் குறுக்கீடின்றித் தனியே அனுபவிக்கும் நிலை இருக்கிறதா என்பதை முக்கிய அடையாளமாக முன்வைத்தது. பகிர்வு அலுவலக ஒப்பந்தங்களில், உறுப்பினரை வேறு அறைக்கு மாற்றும் அதிகாரமும், எந்நேரமும் அறைக்குள் நுழையும் அதிகாரமும் அந்த இடத்தை நடத்தும் நிறுவனமான நடத்துநருக்கு உண்டு என்று எழுதப்படுவதற்கு இந்த அடையாளத்தைத் தவிர்க்கும் நோக்கமும் ஒரு காரணம். பத்துப் பேருக்கு அறை எடுக்கும் நிறுவனம், அந்த மாற்றம் அதே கட்டடத்துக்குள், அதே பரப்பளவில், இத்தனை நாள் முன்னறிவிப்புடன் மட்டுமே நிகழலாம் என்று வரம்பு கட்டி எழுதி வாங்குவது நல்லது.

இருந்தும், உறுப்பினர்களில் மிகச் சிலரே கேட்கும் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது: நடத்துநருக்கு அந்தக் கட்டடத்தில் என்ன உரிமை இருக்கிறது? பெரும்பாலான நடத்துநர்கள் கட்டடத்தின் சொந்தக்காரர்கள் அல்லர். உரிமையாளரிடம் பல ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்து, அதைக் கூறுகூறாகப் பிரித்து மாதக் கட்டணத்துக்கு விடுகிறவர்கள். உறுப்பினரின் அனுமதி முழுவதும் அவர் கண்ணால் பார்த்திராத இந்த மூலக் குத்தகையையே நம்பி நிற்கிறது. நடத்துநர் வாடகை பாக்கி வைத்து, உரிமையாளர் கட்டடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டால், மாதம் தவறாமல் கட்டணம் செலுத்திவந்த உறுப்பினரும் வெளியேற வேண்டியவராகிறார். காரணம், தன்னிடம் இல்லாத உரிமையை நடத்துநர் பிறருக்கு வழங்க இயலாது. பணம் வாங்கிக்கொண்டு வழங்கிய உரிமத்தின் பயனை முழுமையாகப் பெறுமுன், தன் தவறின்றி உரிமம் வழங்கியவரால் வெளியேற்றப்படுபவர், அவரிடம் இழப்பீடு பெறலாம் என்று வசதியுரிமைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அப்படி இழப்பீடு கோர முடிந்தாலும், அதைத் தரவேண்டியவர், வாடகையே கட்ட முடியாமல் போன அதே நடத்துநர்தான்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து, குறுகியகால ஒப்பந்தங்களில் விடும் தொழிலில், பொருளாதாரம் சரியும்போது வருமானம் உடனே சுருங்கும். செலுத்த வேண்டிய வாடகையோ அப்படியே நிற்கும். இதே தொழிலில் உள்ள ரீஜஸ் நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவு 2003-இலும், உலகெங்கும் கிளை பரப்பிய வீவொர்க் 2023 நவம்பரிலும் அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11-ஆம் அத்தியாயத்தின்கீழ் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியதன் பின்னணியில் இந்தப் பொருத்தமின்மையே பெரும் பங்கு வகித்தது; கட்டுப்படியாகாத குத்தகைகளைக் கைவிட அச்சட்டம் வழிசெய்கிறது. இந்தியாவில் வீவொர்க் பெயரில் இயங்குவது தனி நிறுவனம் என்பதால் இங்கு அந்த நடவடிக்கை நேரடியாகப் பொருந்தவில்லை. ஆயினும் தொழிலின் அமைப்பு எங்கும் ஒன்றே. இந்தியாவில் ஒரு நடத்துநர் நொடித்து 2016-ஆம் ஆண்டின் திவால் சட்ட நடவடிக்கைக்குள் சென்றால், அட்வான்ஸ் கொடுத்த உறுப்பினர் பிணையின்றிக் கடன் கொடுத்தவராக வரிசையின் பின்பகுதியில் காத்திருக்க நேரும்.

ஆகவே மூலக் குத்தகை எப்போது முடிகிறது, பிறருக்கு உள்வாடகைக்கு விட அது அனுமதிக்கிறதா, உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதல் உண்டா என்ற மூன்றையும் கேட்டறிய வேண்டும். குத்தகைப் பத்திரம் முழுவதையும் காட்ட நடத்துநர் தயங்கினால், வாடகைத் தொகையை மறைத்துவிட்டு இந்தப் பகுதிகளை மட்டும் காட்டச் சொல்லலாம். அதற்கும் மறுப்பவரிடம் பெரிய அட்வான்ஸ் கொடுப்பது விவேகமாகாது.

பணம் தொடர்பான நிபந்தனைகளில் தலைவலி தருவது மாதக் கட்டணமன்று, லாக்-இன் காலமும் நோட்டீஸ் காலமும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் விதமே. லாக்-இன் என்பது உறுப்பினர் விலகக்கூடாத தொடக்கக் காலம். நோட்டீஸ் என்பது விலகுவதாகத் தெரிவித்தபின் கட்டணம் செலுத்தித் தொடர வேண்டிய காலம். ஓர் இருக்கைக்கு 9,000 ரூபாய் வீதம் நான்கு இருக்கைகள், ஆறு மாத லாக்-இன், இரண்டு மாத நோட்டீஸ் என்று ஓர் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டால், மாதக் கட்டணம் 36,000 ரூபாய். அதன்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி 6,480 ரூபாய். லாக்-இன் காலத்துக்குள்ளேயே நோட்டீஸ் கொடுக்கலாம் என்றிருந்தால் நான்காம் மாத இறுதியில் கடிதம் கொடுத்து ஆறாம் மாத இறுதியில் வெளியேறலாம். வரி நீங்கலாக மொத்தப் பொறுப்பு 2,16,000 ரூபாய். லாக்-இன் முடிந்த பிறகே நோட்டீஸ் கொடுக்க முடியும் என்று ஒரு சிறு சொற்றொடர் சேர்ந்துவிட்டால், அதே ஒப்பந்தம் எட்டு மாதமாகிப் பொறுப்பு 2,88,000 ரூபாயாக உயர்கிறது. 72,000 ரூபாய் வேறுபாடு ஒரே வரியில் அடங்கியிருக்கிறது.

இடையில் விலகினால் எஞ்சிய மாதங்களின் கட்டணம் முழுவதையும் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே செல்லுபடியாகிவிடும் என்பதில்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் குறித்த தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது. இழப்பு நேர்ந்திருப்பது அதற்கு அடிப்படை என்று 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் அட்வான்ஸ் ஏற்கெனவே நடத்துநர் கையில் இருக்கும்போது வழக்காடும் சுமை உறுப்பினர் தலையில் விழுவதால், அந்த இருக்கைகள் வேறொருவருக்கு விடப்பட்ட நாளிலிருந்து பழைய உறுப்பினரின் பொறுப்பு முடியும் என்ற ஒரு வரியைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுச் சேர்ப்பதுதான் எளிய வழி.

ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள் கவனிக்கத் தவறும் நுணுக்கம் ஒன்றுண்டு. அசையாச் சொத்தைப் பயன்படுத்தும் உரிமை சார்ந்த சேவைகளுக்கு, சொத்து எங்கு இருக்கிறதோ அந்த மாநிலமே வழங்கலிடமாகக் கொள்ளப்படுகிறது. தமிழ்நாட்டில் மட்டும் பதிவு பெற்ற நிறுவனம் பெங்களூருவில் இருக்கை எடுத்தால், கர்நாடகத்துக்குரிய வரி விதிக்கப்படும். அதைத் தமிழ்நாட்டுப் பதிவின்கீழ் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள இயலாமல், செலுத்திய வரி முழுவதும் செலவாகிவிடும்.

அந்த இடத்தின் முகவரியைத் தொழில் முகவரியாகவே பயன்படுத்த எண்ணுபவர்கள் இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவுக்கும் கம்பெனிப் பதிவுக்கும் ஒப்பந்த நகலோடு தடையில்லாச் சான்று, மின்கட்டண ரசீது போன்றவை தேவைப்படும். ரசீது கட்டட உரிமையாளர் பெயரிலும், சான்று நடத்துநர் பெயரிலும் இருந்தால், இருவரையும் இணைக்கும் ஆவணத்தை அதிகாரி கேட்கக்கூடும். பதிவு அலுவலகத்தின் வெளியே பெயர்ப்பலகை இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் கோருகிறது. பதிவாளர் நேரில் வந்து சரிபார்க்கவும் அதில் இடமுண்டு. பலகைக்கு இடம் தருவார்களா, பதிவுத் தபாலை யார் வாங்கி எத்தனை நாளில் சேர்ப்பிப்பார்கள் என்பவை ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். வரவேற்பு மேசையில் தேங்கிய ஒரு வரித்துறை நோட்டீஸ் விளைவிக்கும் சேதம் பல மாதக் கட்டணத்தைவிடப் பெரிதாக இருக்கலாம்.

அன்றாட வசதிகளைப் பொறுத்தவரை, மீட்டிங் ரூமுக்கு எத்தனை மணி நேரம் இலவசம், ஏசி மாலை எத்தனை மணிக்கு நிற்கும், ஜெனரேட்டருக்கும் வாகன நிறுத்தத்துக்கும் தனிக் கட்டணமா என்று கேட்டால் போதும். வாடிக்கையாளர் தரவைக் கையாளும் தணிக்கையாளரும் வழக்கறிஞரும் மட்டும், எல்லோரும் பயன்படுத்தும் பொது வைஃபையிலிருந்து பிரிந்த தனி இணைப்பு கிடைக்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

தகராறு எழுந்தால் நடுவர் தீர்ப்பு முறையில் தீர்க்கப்படும் என்றும், அது நடத்துநரின் தலைமையகம் உள்ள ஊரில் நடக்கும் என்றும், நடுவரை அவரே நியமிப்பார் என்றும் பல ஒப்பந்தங்கள் கூறுகின்றன. வழக்கின் முடிவில் அக்கறையுள்ள ஒரு தரப்பு தனி நடுவரைத் தானாக நியமிக்க முடியாது என்று பெர்க்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், அந்த வாசகத்தை நீக்கச் சொல்வதற்கு உறுதியான அடிப்படை உண்டு. ஊரையும் மாற்றிக் கேட்க வேண்டும். ஒரு லட்ச ரூபாய் அட்வான்ஸுக்காகச் சென்னையிலிருந்து டெல்லிக்குச் சென்று வாதாடுவது எவருக்கும் கட்டுப்படியாகாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மிகையான வைப்புத்தொகையையும் அளவுக்கு மீறிய அபராதத்தையும் நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்களாகச் சொன்னாலும், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோர் வரையறையிலிருந்து விலக்குவதால், நிறுவனங்கள் அதை நம்பியிருக்க முடியாது.

வெளியேறும் நாளுக்கான நிபந்தனைகளையும் நுழையும் நாளிலேயே முடிவுசெய்ய வேண்டும். அட்வான்ஸ் எத்தனை நாளுக்குள் திரும்பும், தாமதமானால் என்ன வட்டி, பெயின்ட் அடிப்பதற்கும் பழுதுக்கும் எவ்வளவு பிடிக்கலாம் என்பவை எண்களாகவே எழுதப்பட வேண்டும். அறையின் சுவர், மேசை, நாற்காலி ஆகியவற்றின் நிலையைக் காட்டும் புகைப்படங்களை, சேர்ந்த அன்றே நடத்துநருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பெற்றுக்கொண்டதாகப் பதில் வாங்கி வைத்தால், பிடித்தம் பற்றிய வாக்குவாதத்துக்கு இடமிராது.