விதையும் கணக்கும்

உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவை கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் குடவோலைக்கு உரியவனல்லன் என்பது அவற்றில் கண்ட விதி. பொதுக் காரியத்தின் கணக்கை மறைத்தல் தகாதென்று உணர்ந்த ஊர் அது. மரபணு மாற்றப் பயிர்கள் விஷயத்தில் இன்று நமக்கு வேண்டுவதும் இந்த விவேகமே.

நம் தேசத்தில் சாகுபடிக்கு அனுமதி பெற்ற மரபணு மாற்றப் பயிர் பருத்தி ஒன்றே. அனுமதி கிடைத்தது 2002-இல். ஆனால் அதற்கு முன்பே, 2001-இல், குஜராத்தில் அனுமதியற்ற பருத்தி வயல்களில் நின்றது. 2019-இல் மகாராஷ்டிரத்து அகோலா ஜில்லாவில் விவசாயிகள் தடைப்பட்ட விதையைப் பகிரங்கமாகவே விதைத்தனர். விதை ஊன்றிய பிறகு சர்க்கார் விழிப்பதால் பயன் யாது? மகரந்தத்தைச் சுமக்கும் காற்றும் வண்டும் வரப்பை அறியா.

ஜெர்மனியில் சட்டம் வேறு. இத்தகைய பயிரை இடுவோர் நிலத்தின் இருப்பிடத்தை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். அந்தப் பதிவேட்டை இணையத்தில் எவரும் காணலாம். உரியவர் பெயர் மட்டும் எல்லோர்க்கும் வெளியிடப்படுவதில்லை.

நமக்குச் சாதனம் இல்லையென்று சொல்ல இயலாது. தமிழ்நாட்டின் சர்வே எண்ணும், புலப்படமும், அடங்கலும் இணையத்திலேயே கிடைக்கின்றன. இஸ்ரோவின் ‘புவன்’ தேசப்படம் 2009 முதல் நடைமுறையில் உள்ளது. ஆகாயத்திலிருந்து எடுத்த படம் பயிரின் மரபணுவைக் காட்டாதென்பது மெய். ஆகவே விதைப்பவரின் அறிவிப்பும், இலையைச் சோதிக்கும் உத்தியோகஸ்தரின் முடிவும் அப்படத்தில் சேர்தல் அவசியம்.

இடத்தை வெளியிட்டால் பயிருக்கு ஆபத்து நேரும் என்பர் சிலர். 2006-இல் கோயமுத்தூரை அடுத்த இராமநாதபுரத்தில் நெற் பரிசோதனை வயலை விவசாயிகள் அழித்தது உண்மையே. அப்பொழுது அத்தகைய பொதுப்படம் ஏதும் இல்லை. ரகசியம் அவ்வயலைக் காத்ததா?

உத்தரமேரூர்ப் பக்கத்து ஏரிப் பாசன நிலங்களின் ஜீவனம் நெல். அதன் விதை எத்தகையது, அயல் வயலில் நிற்பது யாது என்றறியும் உரிமை குடியானவனுக்கு உண்டு. அன்று கல்லில் வெட்டியதை இன்று இணையப் படத்தில் எழுதுவது சர்க்காரின் கடமை. மரபணு மாற்றிய நெல் வருவதற்கு முன்பே அது நிறைவேற வேண்டும்.