வந்த வழியே போகும் மை

அலுமினியத் தகடு ஒன்றை வாங்கினால் அதன் முதுகில் 6061-டி6 என்று புள்ளி புள்ளியாக அச்சடித்திருக்கும். 6061 என்பது கலவையின் எண். டி6 என்பது அதைச் சூடேற்றிப் பதப்படுத்திய முறை. இந்த எழுத்தை எந்த அச்சும் தகட்டைத் தொட்டு அடிக்கவில்லை. ஆலையில் உலோகம் நகர, மெல்லிய துளையிலிருந்து மை பீறிடுகிறது. பீறிடும் தாரை ஏன் துளிகளாக உடைகிறது என்று ரேலி பிரபு 1878-லேயே கணக்குப் போட்டுவிட்டார். தாரையைச் சீராக அதிரவைத்தால் நொடிக்குப் பல்லாயிரம் துளிகள், எல்லாம் ஒரே அளவில். வேண்டிய துளிக்கு மட்டும் மின்னூட்டம் தந்து வளைத்தால் எழுத்து! மற்றவை மைத்தொட்டிக்கே திரும்பிவிடும்.

தகடு நிற்காது, ஆகவே மை உடனே காய வேண்டும். அதில் சாயம் இருக்கிறது, சாயத்தைப் பிடித்துவைக்கும் பிசின் இருக்கிறது, இரண்டையும் கரைத்துவைக்கும் கரைப்பான் இருக்கிறது. பெரும்பாலும் அது மெதில் எதில் கீட்டோன். கரைப்பான் பறந்ததும் முடியைவிடப் பல மடங்கு மெல்லிய படலம் மிஞ்சும். சூட்சுமம் இங்கேதான். காய்ந்த பிசினில் வேதிமாற்றம் எதுவும் இல்லை. அதன் நீண்ட மூலக்கூறுகள் நூல்கண்டுபோல் சிக்கிக் கிடக்கின்றன, அவ்வளவே, முடிச்சு விழவில்லை.

சிக்கெடுக்க வருவது அசிட்டோன், நகப்பூச்சு அழிக்கும் அதே திரவம். மெதில் எதில் கீட்டோனைவிட ஒரே ஒரு கார்பன் அணு குறைந்த தம்பி! இழைகளுக்கு இடையே நுழைந்து தளர்த்திவிடும். தண்ணீரால் முடியாது, அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பதால் பிசினோடு கலப்பதில்லை.

ஆனால் அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதிக்கும். துடைக்கத் துடைக்க ஆவியாகும். கரைந்த மை மங்கலாக மறுபடி படியும். அதனால்தான் பட்டறையில் பனியன் வேஸ்டைப் புரட்டிப் புரட்டி, சுத்தமான பக்கத்தால் துடைக்கிறார்கள். சூட்டில் இறுகும் எப்பாக்ஸி மை வேறு ஜாதி. அங்கே முடிச்சே விழுந்துவிடும். அசிட்டோன் ஊறவைக்குமே தவிர கரைக்காது. உப்புத்தாள்தான் கதி, கீறலும் கூடவே வரும்.

வெல்டிங்குக்கு முன் மையை எடுத்தே ஆகவேண்டும். எரிந்த மையின் வாயு பற்றவைத்த இடத்தில் நுண்துளைகளாகத் தங்கும். அசிட்டோனும் முழுக்க உலர வேண்டும், எளிதில் தீப்பிடிக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆர்க்கின் புற ஊதா ஒளி அதன் ஆவியைப் பாஸ்ஜீனாக்கும், முதல் உலகப்போரில் வீசிய நச்சு வாயு அது.

அனுபவஸ்தர்கள் எல்லா எழுத்தையும் அழிப்பதில்லை. எழுத்தில்லாத பக்கத்திலிருந்தே வெட்டிக்கொண்டு வருவார்கள். மிச்சத் துண்டில் எண் இருந்தால்தான் அது எந்தக் கலவை என்று தெரியும். 7075 கலவை பார்வைக்கு 6061 போலவே இருக்கும். ஆனால் அதை ஆர்க்கில் பற்றவைத்தால் வெடிப்பு விடும்.