தாடையும் ஒரு மூட்டுதான்: காப்புறுதியில் அதற்குரிய இடத்தைக் கேட்போம்

காது வலி என்று தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வருகிறவர்களில் சிலருக்குக் காதில் ஒரு கோளாறும் இருப்பதில்லை. சொட்டு மருந்து விட்டும் வலி போகாது. அப்புறம் பல்லாக இருக்கும் என்று கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொள்வார்கள். வலி அப்படியே இருக்கும். ஏனென்றால் நோவது காதும் இல்லை, பல்லும் இல்லை. காதுக்குச் சற்று முன்னால், கீழ்த்தாடை மண்டையோட்டோடு சேரும் இடத்தில் ஒரு மூட்டு இருக்கிறது. அந்த இடத்தில் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் அது அசைவது தெரியும். நோய் அங்கேதான்.

முழங்கால் மூட்டு நோய்க்கு வைத்தியம் செய்தால் காப்புறுதி நிறுவனம் பற்றுச்சீட்டை வாங்கிப் பார்க்கிறது. தாடை மூட்டு என்றால் "இது பற்சிகிச்சை, எங்கள் திட்டத்தில் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவது பல நாடுகளில் நடக்கிறது. தோட்டத்தில் பேர் போட்டு நாட்கூலிக்கு வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோருக்கோ அப்படித் திருப்பி அனுப்பவும் ஒரு காப்புறுதி கையில் இல்லை. பதுளைக்குப் பக்கத்தில் ஹாலிஎலயிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருப்பவர்கள் இந்த நோயை எப்படி அடையாளம் காண்பது, எங்கே போவது, எந்த உதவியை யாரிடம் கேட்பது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அறிகுறிகள்

மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் காதுக்கு முன்னால் வலி. வாயைத் திறக்கையில் 'டக்' என்ற சத்தம். காலையில் எழும்போது தாடை இறுகியிருப்பது. நெற்றிப்பொட்டிலும் கழுத்திலும் வலி. சில நேரம் வாய் பாதியிலேயே நின்றுவிடுவது. வலி இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் வைத்தியம் வேண்டியதில்லை. வலியும் இறுக்கமும் சேர்ந்து வந்தால் காட்ட வேண்டும்.

தூக்கத்தில் பல்லைக் கடிப்பது, அடிபடுவது, மூட்டுவாதம், நீண்ட நாள் மனஅழுத்தம் ஆகியவை இதைத் தூண்டலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. கழுத்து வலியும் தாடை வலியும் கூடவே வருவதை வைத்தியர்கள் நன்கு அறிவார்கள். ஆகவே தலையில் கயிறு மாட்டிக் கொழுந்து சுமக்கும் ஒரு பெண், "கழுத்து நோகிறது, தாடையும் நோகிறது" என்று சொன்னால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவ அகாதமிகள் 2020ல் இந்நோய் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டன. அந்நாட்டில் வயது வந்தவர்களில் 4.8 வீதமானோருக்கு இம்மூட்டுப் பகுதியில் வலி இருப்பதாக அது கணக்கிட்டது. பல் வைத்தியமும் உடல் வைத்தியமும் தனித்தனியாகப் பிரிந்து கிடப்பதால் நோயாளி இரண்டுக்கும் நடுவில் அலைகிறார் என்றும் சொன்னது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதவை

வாய் திறக்க முடியவில்லை என்றால் எல்லாம் தாடை மூட்டு நோய் அல்ல. மலையகத்தில் முதலில் நினைக்க வேண்டியது வெற்றிலை பாக்கு. பாக்கு மெல்லுவதால் கன்னத்தின் உட்தோல் மெல்ல மெல்ல நாராக இறுகும். காரம் பட்டால் எரியும், வாய் சுருங்கிக்கொண்டே வரும். இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. புகையிலை சேர்க்காத பாக்கும்கூடப் புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அறிவித்திருக்கிறது. உங்கள் சொந்தக் கைவிரல் மூன்றை மேலும் கீழுமாக அடுக்கி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். பொதுவாக மூன்றும் நுழைய வேண்டும். நுழையாவிட்டாலோ, வாயில் வெள்ளை, சிவப்புத் திட்டு இருந்தாலோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலோ உடனே பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

காத்திருக்கவே கூடாதவை நான்கு:

- தாடை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.
- கவ்வாத்துக் கத்தியோ முள்ளோ கிழித்த காயத்துக்குப் பிறகு தாடை பூட்டிக்கொண்டால் ஏற்புவலியாக இருக்கலாம்.
- திறந்த வாய் மூட முடியாமல் நின்றுவிட்டால் மூட்டு நழுவியிருக்கிறது. வீட்டில் யாரும் தள்ளிப் பார்க்க வேண்டாம்.
- 50 வயது கடந்தவருக்கு மெல்லும்போது தாடை சோர்ந்து வலித்து, நெற்றிப்பொட்டு வலியும் பார்வை மங்கலும் சேர்ந்தால் கண்ணுக்கே ஆபத்து.

எங்கே போவது, என்ன வைத்தியம்

அரச வைத்தியசாலைகளில் பல் சிகிச்சைப் பிரிவு உண்டு. கட்டணம் இல்லை. ஹாலிஎலக்காரர்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் பெரிய இடம் பதுளை போதனா வைத்தியசாலை. தேவைப்பட்டால் முகம், வாய், தாடை சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புவார்கள். அதற்கும் மேலே பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையும் கொழும்பில் தேசிய பல் வைத்தியசாலையும் இருக்கின்றன. டிஸ்பென்சரியில் "காதுத் தண்ணி" மட்டும் தந்து வலி நீடித்தால், பதுளைக்கு ஒரு துண்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

இந்த நோய் பெரும்பாலானவர்களுக்குக் கத்தி வைக்காமலே குறைந்துவிடும். சில வாரங்களுக்குத் தடித்த ரொட்டியை விட்டுக் குழைந்த சோறும் கஞ்சியும் சாப்பிடுவது, வெற்றிலையை நிறுத்துவது, சூட்டு ஒத்தடம், தாடைக்கான பயிற்சி, வைத்தியர் தரும் வலிமாத்திரை ஆகியவைதான் முதல் வைத்தியம். அடுத்தது இரவில் பல்லின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் தட்டும் பிசியோதெரபியும். இவற்றுக்கும் கேட்காத சிலருக்கு மூட்டைக் கழுவுவது, அதற்கும் பிறகுதான் சத்திரசிகிச்சை. நல்ல பல்லைப் பிடுங்கவும் வேண்டாம், கடியைச் சரிசெய்கிறேன் என்று பல்லைத் தேய்க்க இடம்கொடுக்கவும் வேண்டாம். திரும்ப எடுக்க முடியாத வைத்தியத்தில் அவசரம் கூடாது என்பதற்கு வரலாறு சாட்சி. 1980களில் அமெரிக்காவில் வைட்டெக் என்ற நிறுவனம் செய்த தாடை மூட்டுக்கான செயற்கைப் பாகங்கள் உள்ளே சிதைந்து எலும்பையே அரித்தன. 1990, 1991 ஆண்டுகளில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்து அவற்றைத் திரும்பப் பெறவைத்தது.

காப்புறுதி ஏன் கைவிரிக்கிறது

முதல் காரணம் வகைப்படுத்தல். தனியார் மருத்துவக் காப்புறுதிகள் பலவற்றில் விலக்குப் பட்டியல் ஒன்று இருக்கும். விபத்தால் வந்தது தவிர மற்றப் பற்சிகிச்சை அதில் அடங்கும். பற்றுச்சீட்டில் பல் வைத்தியரின் முத்திரையைக் கண்டவுடன் கோரிக்கை அந்தப் பட்டியலில் விழுந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாட்டில் தாடை மூட்டு நோய்க்கு கே07.6 என்ற குறியீடு, செரிமான உறுப்புகளின் அத்தியாயத்தில், வாய் நோய்களோடு இருக்கிறது. அமெரிக்கா தனக்காகத் திருத்திய பதிப்பில் அதே நோய் எம்26.6 என்று தசை, எலும்பு, மூட்டு அத்தியாயத்துக்குப் போய்விட்டது. மூட்டு நழுவினாலோ அது காயங்களின் அத்தியாயத்தில் எஸ்03.0. ஆக, தாடை மூட்டு பல்லைச் சேர்ந்தது என்பது இயற்கை விதித்தது அல்ல. மனிதர் போட்ட கோடு, மனிதர் மாற்றலாம்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. நம்முடைய உதவித் திட்டங்கள் பெரும்பாலும் வாட்டில் படுத்தவருக்கே காசு தருகின்றன. தாடை மூட்டு நோயாளியோ படுப்பதில்லை. அவருக்கு வேண்டியது ஒரு தட்டு, சில பிசியோதெரபி அமர்வுகள், மாதத்துக்கொரு கிளினிக். மலிவான, பாதுகாப்பான வைத்தியத்துக்கு உதவி இல்லை. நோய் முற்றி அறுவை மேசைக்குப் போனால்தான் உதவி. இப்படி ஒரு ஏற்பாடு நோயாளிக்கும் நட்டம், காப்புறுதிக்கும் நட்டம்.

மாற்றியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலச் சட்டம், உடம்பின் வேறெந்த மூட்டுக்கும் தரும் காப்புறுதியைத் தாடை மூட்டுக்கும் தர வேண்டும் என்கிறது. வைத்தியம் செய்தவர் பல் வைத்தியரா, பொது வைத்தியரா என்று பார்க்கக் கூடாது என்றும் சொல்கிறது. கடல் தாண்டி இந்தியாவில் 2018ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், இறுகி ஒட்டிப்போன தாடை மூட்டுக்கான சத்திரசிகிச்சையையும், பாக்கினால் நாராக இறுகிய வாயை விடுவிக்கும் சத்திரசிகிச்சையையும் தன் பட்டியலில் சேர்த்தது. ஏழைகளுக்கான திட்டத்தில் இது முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது?

இன்று உங்களுக்கு இருக்கும் வழிகள்

*அரச ஊழியர், ஆசிரியர்:* சம்பளத்தில் சந்தா கழிக்கப்பட்டால் உங்களுக்கு அக்ரஹார காப்புறுதி உண்டு. அதை நடத்துவது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம். வைத்தியத்துக்கு முன்பே உங்கள் படிநிலைக்கான நன்மைப் பட்டியலை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

*தோட்டத் தொழிலாளி, தனியார் ஊழியர்:* உங்களுக்காக முதலாளி சம்பளத்தின் 3 வீதத்தை ஊழியர் நம்பிக்கை நிதிக்குச் செலுத்துகிறார். வேலையில் இருக்கும் அங்கத்தவர் வாட்டில் தங்கி வைத்தியம் பெற்றால் செலவில் ஒரு பங்கைத் தர அந்நிதியச் சபையிடம் 'சிரமசுவ ரெகவரண' என்ற திட்டம் இருக்கிறது. அனுமதி அட்டை, நோய் விவரம், பற்றுச்சீட்டு மூன்றையும் தொலைக்காதீர்கள். ஊழியர் சேமலாப நிதியில் இருந்து வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் நிபந்தனைகளோடு 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்க வழி உண்டு. ஆனால் அது முதுமைக்கான காசு. அரச வைத்தியசாலையில் கிடைக்கும் வைத்தியத்துக்காக அதைத் தொட வேண்டாம்.

*வேலையில் அடிபட்டவர்:* மலையில் சறுக்கி விழுந்து, கிளை முறிந்து விழுந்து தாடை உடைந்தால் அது முதலாளியின் பொறுப்பு. 1934ன் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அதைச் சொல்கிறது. விபத்தை அன்றைக்கே தோட்ட அலுவலகத்தில் எழுதச் சொல்லுங்கள். தாடையில் அடிபட்டது என்று வைத்தியசாலைக் குறிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டு இறுக்கம் மாதங்கள் கழித்தும் வரலாம், அன்றைய குறிப்புத்தான் அப்போது ஆதாரம்.

*பெரிய சத்திரசிகிச்சை தேவைப்படுபவர்:* ஜனாதிபதி நிதியத்திடம் மருத்துவ உதவி கேட்கலாம். 2025 முதல் கொழும்புக்குப் போகாமல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஹாலிஎலயிலும் பிரதேச செயலகம் இருக்கிறது.

மறுத்தால் செய்ய வேண்டியவை

1. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எந்த நிபந்தனை, எத்தனையாம் பிரிவு என்று அதில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் சொன்னதற்கு மேன்முறையீடு செய்ய முடியாது.

2. வைத்தியரிடம் விரிவான கடிதம் வாங்குங்கள். நோய் பல்லில் இல்லை, தாடை மூட்டில் என்பது, வாய் எத்தனை மில்லிமீற்றர் திறக்கிறது, எத்தனை மாதமாக, என்ன சாப்பிட முடியவில்லை, இதுவரை செய்த வைத்தியம், இப்போது செய்வது ஏன் என எல்லாம் அதில் வர வேண்டும். உண்மையை மட்டும் எழுதச் சொல்லுங்கள், முழுமையாக எழுதச் சொல்லுங்கள்.

3. நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு அனுப்புங்கள். தமிழில் எழுதலாம். நகலும் பதிவுத்தபால் துண்டும் உங்களிடம் இருக்கட்டும்.

4. தீராவிட்டால், காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். 2005 முதல் இயங்கும் இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. நிறுவனங்களைக் கண்காணிப்பது 2000ன் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை காப்புறுதி ஒழுங்குறுத்தல் ஆணைக்குழு. அங்கும் முறையிடலாம்.

5. அரச திட்டம் என்றால் 2016ன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. "தாடை மூட்டு நோய் இந்தத் திட்டத்தில் அடங்குமா? அடங்காவிட்டால் எந்த விதியின்படி?" என்று கேளுங்கள். தருவதா இல்லையா என்பதைத் தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும்.

எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டியவை

ஒருவர் எழுதும் கடிதம் ஒரு பற்றுச்சீட்டை மீட்கலாம். விதியை மாற்ற ஆசிரியர் சங்கங்களும் தோட்டத் தொழிற்சங்கங்களும் வேண்டும். கேட்பவை எளியவை. அக்ரஹாரவிலும் தனியார் காப்புறுதிகளிலும் தாடை மூட்டை மற்ற மூட்டுகளோடு சமமாக எழுத வேண்டும். வாட்டில் படுக்காமல் பெறும் தட்டுக்கும் பிசியோதெரபிக்கும் உதவி வேண்டும். தோட்டங்களுக்குப் பல் வைத்தியக் குழு வந்து வாயைப் பரிசோதிக்க வேண்டும், அந்தப் பரிசோதனையில் மூன்று விரல் அளவும் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம்தான். ஆனால் கொழுந்து எடுப்பவர் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடுகிறது, பஸ் காசும் கையை விட்டுப் போகிறது. அதனால்தான் வலி ஆறு மாதம், ஒரு வருடம் என்று தள்ளிப்போகிறது. கிளினிக் துண்டைக் காட்டினால் அன்றைய சம்பளம் குறையாது என்ற ஏற்பாடு, சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும் மேசையிலேயே வைக்கப்பட வேண்டும். தாடை நோய்க்கு மட்டும் அல்ல, தோட்டத்தில் உள்ள எல்லா நோய்க்கும் மிகப் பெரிய காப்புறுதி அதுவாகத்தான் இருக்கும்.