பனையேறும் அறிவுக்கு என்ன விலை?

பனம்பாளையிலிருந்து சொட்டுவது பதநீர் என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில், பாளையிலிருந்து சொட்டுவது வெறும் இனிப்பு நீர். அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் அது புளித்துக் கள்ளாகிவிடும். அதைப் பதநீராக நிறுத்தி வைப்பவை கலயத்தின் உட்புறம் தடவப்படும் சுண்ணாம்பும், தடவுகிற கையின் அளவறிவும்தான். இவ்வளவு எளிய உண்மையைக்கூட, பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்ற பின்னரே நான் அறிந்துகொண்டேன்.

சென்ற ஆண்டு சித்திரையில், திருச்செந்தூருக்கு அருகே தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில், பனையேறும் குடும்பம் ஒன்றுடன் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். ஆய்வு நோக்கம் ஏதுமில்லை. பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவதை அருகிருந்து கற்க வேண்டும் என்பதே விருப்பம். மரமேறும் வயதை நான் கடந்துவிட்டதால், மரத்தடி வேலைகளே எனக்குப் பாடமாயின.

வீட்டுத் தலைவருக்கு வயது 62. என்னைவிட இளையவர் எனினும், அவ்வூர் வழக்கப்படி அவரை அண்ணாச்சி என்றே அழைத்தேன். பாளை வெளிவந்ததும் அதை மரக் கடிப்பால் சில நாள்கள் இதமாக நசுக்கிப் பதப்படுத்துகிறார். பின்னர் காலையும் மாலையும் மரமேறி அதன் நுனியை மெல்லிய சீவலாகச் சீவி விடுகிறார். சீவத் தவறினால் வெட்டுவாய் காய்ந்து, ஊறும் நீர் குறைந்துவிடும். எனவே, பருவம் முடியும்வரை இத்தொழிலுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

அவர் ஏறுவது 30 மரங்கள். மரத்துக்கு 40 அடி என்று கொண்டாலும், இரு வேளையும் சேர்த்து நாளொன்றுக்கு 2,400 அடி ஏறி இறங்குகிறார். திருச்சி மலைக்கோட்டையின் உயரம் 273 அடி. படிக்கட்டும் கைப்பிடியும் இல்லாமல், அரிவாள் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்த மலைக்கோட்டையை அவர் தினமும் ஏறத்தாழ ஒன்பது முறை ஏறுவதாகக் கொள்ளலாம்.

எனக்குக் கிடைத்த முதல் பாடம் சுண்ணாம்பு. பனஞ்சாற்றில் நூற்றுக்கு 10 பங்குக்கு மேல் சர்க்கரை உண்டு. ஈஸ்ட் முதலிய நுண்ணுயிரிகள் அதை உடனே உண்ணத் தொடங்கும். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மைக்கு மாற்றி அவற்றின் வேலையைத் தடுக்கிறது. அளவு குறைந்தால் சாறு புளித்து, சர்க்கரை சிதைந்து, எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி கட்டியாகாது. அளவு கூடினால் நாக்கு வெந்துவிடும். காய்ச்சும்போது பாகும் கறுத்துவிடும். தமிழகத்தில் கள் இறக்குவதற்குத் தடை உள்ளதால், சட்டத்துக்கும் குற்றத்துக்கும் இடையிலுள்ள கோடும் இந்தச் சுண்ணாம்பே.

இந்த அளவுக்குக் கரண்டி எதுவும் கிடையாது. வெயில் கடுமையாக இருந்தால் ஓர் அளவு. வானம் மூடியிருந்தால் ஓர் அளவு. புதுக் கலயத்துக்கு ஓர் அளவு. பழகிய கலயத்துக்கு வேறோர் அளவு. "எவ்வளவு பூசணும், அண்ணாச்சி?" என்று கேட்டேன். "கை சொல்லும் சார், நான் என்னத்தச் சொல்ல?" என்றார்.

நான்காம் நாள் 12 கலயங்களுக்கு நானே சுண்ணாம்பு தடவினேன். புளித்துவிடக் கூடாதே என்ற அச்சத்தில் தடிமனாகப் பூசிவிட்டேன். மறுநாள் இறங்கிய பதநீரை அண்ணாச்சியின் மனைவி ஒரு வாய் வைத்துப் பார்த்தார். "ஐயா, இது வாயப் பொத்துப்போடும்" என்று சொல்லித் தனியே ஒதுக்கிவிட்டார். ஏறத்தாழ 20 லிட்டர் வீண். எட்டு லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோ கருப்பட்டி என்பது அவர்கள் கணக்கு. ஆக, என் ஆர்வத்தால் அவர்களுக்கு நேர்ந்த இழப்பு இரண்டரை கிலோ. பணம் கொடுக்க முன்வந்தபோது அந்த அம்மையார் மறுத்துவிட்டார். "படிக்கிற புள்ள சிலேட்ட உடைக்கத்தான் செய்யும்" என்று சிரித்தார்.

காய்ச்சுவது முழுக்க அவர் பொறுப்பு. விடிலி எனப்படும் ஓலைக் கொட்டகையில், பெரிய தாச்சியில் பதநீரை வடிகட்டி ஊற்றி, பனை மட்டைகளை எரித்து மணிக்கணக்கில் காய்ச்சுகிறார். பொங்கி வழியும் நேரத்தில் தட்டிய ஆமணக்கு விதையைச் சிறிதளவு போட, நுரை அடங்குகிறது. பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிறார். உருண்டால் பதம். உடனே இறக்கிக் கிண்டிச் சிரட்டைகளில் ஊற்றிவிட வேண்டும். சற்றுப் பிந்தினாலும் பாகு கருகிவிடும்.

இத்தனை நுட்பம் கொண்ட அறிவை அடுத்த தலைமுறை ஏன் கற்க மறுக்கிறது? அண்ணாச்சியின் மகன் திருப்பூரில் பனியன் நிறுவனத்தில் வேலை செய்கிறார். மகனுக்கு இத்தொழில் வேண்டாம் என்று முடிவெடுத்தவர் தந்தையே. இளைஞர்களுக்கு உடல் வணங்கவில்லை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தவறி விழுந்தால் குடும்பமே முடங்கும் தொழிலில், பருவத் தொடக்கத்தில் வாங்கிய முன்பணத்துக்காக வணிகர் சொல்லும் விலைக்கே கருப்பட்டியைக் கொடுக்க வேண்டிய நிலையில், அத்தந்தை எடுத்த முடிவு பொருளாதார நோக்கில் முற்றிலும் அறிவார்ந்தது.

இதனினும் ஆழமான காரணம் சந்தையில் இருக்கிறது. சீனிப் பாகைக் கலந்து செய்த கருப்பட்டியும் தூய கருப்பட்டியும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வாங்குபவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. தரத்தை விற்பவர் மட்டுமே அறிந்த சந்தையில், மலிவான சரக்கு நல்ல சரக்கை வெளியேற்றிவிடும் என்று 1970-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் விளக்கினார் ஜார்ஜ் அகர்லாஃப். 2001-இல் நோபல் பரிசு பெற்ற அந்த அறிஞர் பழைய கார்களை எடுத்துக்காட்டினார். நமக்குக் கருப்பட்டியே போதும். அண்ணாச்சியின் கையறிவுக்கும் அவர் மனைவியின் பதமறியும் விரலுக்கும் தனி விலை கிடைக்காதபோது, அவற்றைக் கற்க யார் வருவார்?

பனையின் பொருளாதார மதிப்பை நாம் அறியாதவர்கள் அல்லர். வயலுக்கு உதவாத நிலத்தில் வளரும் பனையிலிருந்து வெல்லம் எடுத்தால், கரும்பு விளையும் நல்ல நிலத்தை உணவுப் பயிருக்கு விடலாம் என்று வாதிட்டவர் தஞ்சையில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி.குமரப்பா. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகளை வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்றும் ஆக்கப்பட்டது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. இவை அனைத்தும் வரவேற்கத்தக்கவை. ஆனால், மரத்தைக் காக்க எடுக்கும் முயற்சியில் ஒரு பங்கையேனும் மரம் ஏறும் அறிவைக் காக்க எடுக்க வேண்டாமா?

செய்யக்கூடியவை மூன்று. முதலாவதாக, மூத்த பனையேறிகளை ஆசிரியர்களாக ஏற்று, அவர்களிடம் ஒரு பருவம் முழுதும் உடனிருந்து கற்கும் இளைஞர்களுக்கும், கற்பிக்கும் அவர்களுக்கும் உதவித்தொகை வழங்க வேண்டும். கையால் மட்டுமே கடத்தப்படும் இந்த அறிவை இரண்டு நாள் பயிற்சி முகாமில் கற்றுவிட முடியாது.

இரண்டாவதாக, கலப்படத்தைக் கண்டறியும் ஆய்வு பரவலாக வேண்டும். கரும்பும் பனையும் ஒளிச்சேர்க்கையில் காற்றிலிருந்து கார்பனை ஏற்கும் முறை வேறு வேறு. தேனில் கரும்புச் சர்க்கரை கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் கார்பன் ஐசோடோப்பு ஆய்வு, இந்த வேறுபாட்டால் கருப்பட்டிக்கும் பொருந்தும். புவிசார் குறியீட்டின் பின்னே இத்தகைய சான்று இருந்தால்தான் தூய சரக்குக்குத் தூய விலை கிடைக்கும்.

மூன்றாவதாக, பருவத் தொடக்கத்தில் கூட்டுறவு வழியே எளிய கடனும், விழுந்தால் குடும்பம் வீழாத அளவுக்குக் காப்பீடும் பனையேறிகள் ஒவ்வொருவருக்கும் சென்றுசேர்வதை நல வாரியம் உறுதி செய்ய வேண்டும்.

இன்று விதைக்கும் பனங்கொட்டை வளர்ந்து பாளை விட ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும். அப்போது அண்ணாச்சிக்கு 77 வயதாகியிருக்கும். அந்தப் பாளையைச் சீவப் போகிறவர், இப்போதே அவரருகில் நின்று கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவிப் பழக வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).