நந்தா தேவி சிகரம்: ஏறும் வழிகள் இருந்தும் 40 ஆண்டுகளுக்கு மேலாக மூடியிருப்பது ஏன்?

உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில் உள்ள நந்தா தேவி சிகரத்தின் உயரம் 7,816 மீட்டர். இந்தியாவில் கஞ்சன்ஜங்காவுக்கு அடுத்த உயரமான சிகரம் இது. கஞ்சன்ஜங்கா நேபாள எல்லையில் இருப்பதால், முழுவதும் இந்திய மண்ணிலேயே அமைந்த மிக உயரமான சிகரம் என்ற பெருமை நந்தா தேவிக்கே உரியது.

இரட்டைச் சிகரமும் மலை அரணும்

நந்தா தேவி இரட்டைச் சிகரம் ஆகும். முதன்மைச் சிகரத்தையும், 7,434 மீட்டர் உயரமுள்ள கிழக்குச் சிகரத்தையும் (சுனந்தா தேவி) சுமார் 2 கி.மீ. நீளமுள்ள கூரிய மலைமுகடு இணைக்கிறது. சுற்றிலும் 6,000 மீட்டருக்கு மேற்பட்ட பல சிகரங்கள் கோட்டைச் சுவர் போல நிற்கின்றன. இந்த வளையத்தின் உட்புறத்தில் உருகும் பனிநீர் முழுவதும் மேற்கே ரிஷி கங்கை ஆற்றின் ஆழமான பள்ளத்தாக்கு வழியாகவே வெளியேறுகிறது. எனவே, சிகரத்தில் ஏறுவதைக் காட்டிலும் அதன் அடிவாரத்தை அடைவதே நெடுங்காலம் பெரும் சவாலாக இருந்தது.

ஏறும் வழிகள்

பிரிட்டனைச் சேர்ந்த எரிக் ஷிப்டனும் எச்.டபிள்யூ. டில்மனும் மூன்று ஷெர்பாக்களுடன் 1934-இல் ரிஷி கங்கைப் பள்ளத்தாக்கைக் கடந்து உள்வட்டத்தை அடைந்தனர். தெற்கு முகடு வழியாக டில்மனும் நோயல் ஓடெலும் 1936 ஆகஸ்ட் 29-இல் சிகரத்தைத் தொட்டனர். 1950-இல் அன்னபூர்ணா எட்டப்படும் வரை, மனிதர் ஏறிய மிக உயரமான சிகரமாக நந்தா தேவி விளங்கியது.

கிழக்குச் சிகரத்துக்கான பாதை வேறு. முன்சியாரி வழியாகச் சென்று, லாங்ஸ்டாஃப் கணவாயிலிருந்து தெற்கு முகட்டில் ஏற வேண்டும். இவ்வழியில் போலந்துக் குழுவினர் 1939-இல் முதலில் வெற்றி கண்டனர். இரு சிகரங்களையும் இணைக்கும் முகட்டைக் கடக்க 1951-இல் முயன்ற பிரெஞ்சு வீரர்கள் இருவர் திரும்பி வரவில்லை. அக்குழுவில் இருந்த டென்சிங் நோர்கே கிழக்குச் சிகரத்தில் ஏறினார். அம்முகட்டை முதலில் கடந்தது 1976-இல் இந்திய-ஜப்பானியக் குழு. அதே ஆண்டில் இந்திய-அமெரிக்கக் குழு வடமேற்குச் சரிவு, வடக்கு முகடு வழியாகப் புதிய பாதை கண்டது.

மூடப்பட்டது ஏன்?

1974-க்குப் பிறகு மலையேற்றக் குழுக்களின் வருகை பெருகியது. குப்பைகள் குவிந்தன, விறகுக்காக மரங்கள் வெட்டப்பட்டன, கஸ்தூரி மான்கள் வேட்டையாடப்பட்டன. இதையடுத்து 1982-இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டு, உள்வட்டம் மூடப்பட்டது. 1988-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்தத் தடையால் காடு மீண்டது. ஆனால் மேய்ச்சல் நிலத்தையும், சுமைதூக்கி, வழிகாட்டி வேலைகளையும் நம்பியிருந்த லாதா, ரைணி உள்ளிட்ட கிராமங்களின் வருவாய் பாதிக்கப்பட்டது. 1974-இல் கௌரா தேவி தலைமையில் பெண்கள் மரங்களைக் காத்த சிப்கோ இயக்கத்தின் களமும் ரைணிதான். 2021 பிப்ரவரி 7-இல் ரிஷி கங்கையில் ஏற்பட்ட பெருவெள்ளம் இப்பகுதியையே முதலில் தாக்கியது.

இயற்கையைக் காக்கும் தடையின் பலன், அதன் சுமையைத் தாங்கும் மக்களையும் சென்றடைய வேண்டும் என்பதே இக்கிராமங்களின் நெடுநாள் கோரிக்கை.